ஜூஜுவாடி வந்துட்டோம்

1

போன ஞாயிற்றுக்கிழமை மதியம் இரண்டு பத்துக்கு என் தங்கை மகள் தர்ஷினி வாட்ஸ்அப்பில் அழைத்தாள். ஓசூரில் அப்போது காலை ஏழு நாற்பது. ஆக்லாந்தில் குளிர்காலம் தொடங்கிவிட்டால் இரண்டு ஊருக்கும் இடையே ஆறரை மணி நேரம், கோடையில் ஏழரை. இதை நான் கணக்குப் போடுவதில்லை. பதினெட்டு வருடங்களாகச் சுவரில் இரண்டு கடிகாரங்கள் ஓடுகின்றன.

"மாமா, உங்க ஏர்போர்ட்டுக்கும் எங்க ஏர்போர்ட்டுக்கும் எவ்ளோ தூரம்?"

"எங்க ஏர்போர்ட்னா எது?"

"பெங்களூருதான்."

"அது கர்நாடகாவுல இருக்குது. எங்களுதுன்ற?"

"ஓசூருக்கு அதான் மாமா ஏர்போர்ட். தாத்தா நம்ம ஊருக்கே வரப் போவுதுன்றாரு. வந்தப்புறம் மாத்திக்கலாம். இப்ப சொல்லுங்க."

நான்காம் வகுப்பு வீட்டுப்பாடம். 'தொலைவில் வாழும் என் உறவினர்' என்ற தலைப்பு, கீழே நான்கு கட்டங்கள்: பெயர், ஊர், தூரம், பயண நேரம். உருண்டைப் பூமியின் மேல் நூல் பிடித்து அளந்தால் சுமார் பதினோராயிரத்து ஐந்நூறு கிலோமீட்டர் என்றேன். ஆனால் நேர் விமானம் கிடையாது, சிங்கப்பூரில் மாற வேண்டும், அந்த வழியில் கொஞ்சம் கூடும், அதுவும் காற்றைப் பொறுத்து விமானி எடுக்கும் பாதை தினமும் ஒரே மாதிரி இருக்காது என்றும் சொன்னேன்.

"ஒரு நம்பர் சொல்லுங்க மாமா. கட்டம் சின்னது."

சொன்னேன். அவள் எழுதும்வரை காத்திருந்து, "பயண நேரம்னா, ஆகாயத்துல இருக்கற நேரமா, வீட்டுலேர்ந்து வீட்டுக்கா? அதுல ரெண்டு விதம் இருக்குது" என்று தொடங்கினேன்.

"அது எனக்குத் தெரியும் மாமா" என்று வைத்துவிட்டாள்.

பிறகுதான் சுவரில் இருந்த நாட்காட்டியைப் பார்த்தேன். அவளுக்குக் காது குத்தி ஒரு நாள் குறைவாக ஒரு வருடம்.

2

அவளுக்குத் தெரியும் என்றால் யார் சொல்லியிருப்பார் என்று யோசிக்க வேண்டியதில்லை. என் அப்பா கோவிந்தசாமி ஓசூர் சிப்காட்டில் ஒரு தொழிற்சாலையின் டைம் ஆபீஸில் குமாஸ்தாவாக இருந்து ஓய்வு பெற்றவர். டைம் ஆபீஸ் என்றால் வாசலுக்குப் பக்கத்தில் இருக்கும் அறை. தொழிலாளி எத்தனை மணிக்கு உள்ளே வந்தான், எத்தனை மணிக்கு வெளியே போனான் என்பதற்கு அந்த அறையின் பதிவேடுதான் சாட்சி. ஐந்து நிமிடம் சலுகை. ஆறாவது நிமிடம் வந்தால் அரை நாள் பிடித்தம். கம்பெனி பஸ் கேட்டுக்கு வெளியே நிற்கிறது, ஆள் ஜன்னல் வழியாகக் கையை ஆட்டுகிறான் என்றாலும் அப்பா எழுத மாட்டார். கார்டு அடித்தால்தான் வந்தவன். "பஸ்ஸு வந்துச்சுன்னா பஸ்ஸுக்கு சம்பளம் குடுக்கலாம்" என்பார்.

எனக்கு வந்ததும் அந்த நோய்தான். நான் இங்கே ஒரு குளிர்பதனக் கிடங்கில் லாரிகள் வந்து போகும் நேரத்தை ஒழுங்கு செய்கிற வேலையில் இருக்கிறேன். மேலதிகாரியின் மொழியில் அதற்கு நீளமான பெயர் இருக்கிறது. அப்பாவிடம் முதல்முறை விளக்கியபோது, "டைம் ஆபீஸ்தானே?" என்றார். ஆமாம் என்றேன்.

ஊருக்குப் போய் வந்த ஒவ்வொரு முறையும் நேரங்களை ஒரு நோட்டில் எழுதி வைத்திருக்கிறேன். இதுவரை ஆறு பயணங்கள். விமானச் சீட்டில் போட்டிருக்கும் மணி நேரத்தை அப்பா ஏற்றுக்கொள்வதில்லை. "கேட்டுலேர்ந்து கேட்டுக்கு எவ்ளோ?" என்றுதான் கேட்பார். எங்கள் வீட்டு கேட்டைச் சாத்திய நிமிடத்திலிருந்து ஓசூர் வீட்டு கேட்டைத் திறந்த நிமிடம் வரை. மிகக் குறைந்தது இருபத்து மூன்று மணி நேரம் ஐம்பது நிமிடம், அது இரண்டாவது பயணம். மிக அதிகம் ஆறாவது. அதைப் பற்றித்தான் இந்தக் குறிப்பு.

3

பெண் குழந்தைக்கு ஒற்றைப்படை வயதில் காது குத்துவார்கள். தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குத்த வேண்டும். தோடும் அவன் கொண்டுவர வேண்டும். தர்ஷினிக்கு நான் ஒருவன்தான் தாய்மாமன்.

ஒரு வயதில் குத்துவதாக இருந்தது. எனக்கு விடுப்பு கிடைக்கவில்லை. மூன்று வயதில் இந்த நாடு தன் எல்லையையே மூடி வைத்திருந்தது. வெளியே போனால் திரும்பி உள்ளே வர முடியாது. ஐந்து வயதில் என் காகிதங்கள் சரியாக இல்லை. இந்த நாட்டுக் குடியுரிமை வாங்கியதால் பழைய பாஸ்போர்ட்டை ஒப்படைத்தாயிற்று. ஊருக்குப் போய்வர வேண்டிய அட்டை வரவில்லை. விண்ணப்பத்தில் குடும்பப் பெயர் என்ற கட்டத்தைக் காலியாக விட முடியாது என்று இரண்டு முறை திருப்பி அனுப்பினார்கள். எங்களுக்கு ஏது குடும்பப் பெயர்? கடைசியில் அப்பா பெயரைப் போட்டேன். அன்றிலிருந்து வங்கியிலும் மருத்துவமனையிலும் என்னைக் கோவிந்தசாமி என்றுதான் கூப்பிடுகிறார்கள். இப்போதும் சட்டென்று திரும்பிப் பார்ப்பதில்லை.

ஒவ்வொரு முறை தள்ளிப் போனபோதும் தங்கையின் கணவர் மாதேஷ் வீட்டில் ஒரே யோசனை சொன்னார்கள். என் பெரியப்பா மகன் குமரேசன் அண்ணன் ஓசூரிலேயே இருக்கிறார். லேத் பட்டறை வைத்திருக்கிறார். அவரும் மாமன் முறைதானே, அவர் மடியில் குத்திவிடலாம்.

அதில் தவறு ஒன்றுமில்லை. அப்பாவுக்குக் கண் அறுவை நடந்தபோது கூட இருந்தவர் அவர். எங்கள் வீட்டு மின் கட்டணம், கேஸ் சிலிண்டர், அம்மாவின் சர்க்கரை மாத்திரை எல்லாம் அவர் கையில்தான். நான் இருக்க வேண்டிய எல்லாப் புகைப்படங்களிலும் நான் நிற்க வேண்டிய இடத்தில் அவர் நிற்கிறார்.

என் தங்கை கவிதா மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. "எங்கண்ணன் உயிரோடதானே இருக்குது" என்று சொல்லிவிட்டாள். பள்ளிக்கூடத்தில் மற்றப் பெண்கள் கேலி செய்கிறார்கள் என்று தர்ஷினி காதில் ஒட்டிக்கொள்கிற பொட்டுத் தோடுகளைப் போட்டுக்கொண்டு போனாள். வியர்த்தால் விழுந்துவிடும். ஏழு வயது முடியப் போகிற சமயத்தில் கவிதா எனக்கு ஒரே ஒரு குரல் பதிவு அனுப்பினாள்.

"அண்ணா, வைகாசியில தேதி வெச்சாச்சு. ஞாயித்துக்கிழம ஒம்போதுலேர்ந்து பத்தர. பர்கூருக்கு அந்தாண்ட அவங்க குலசாமி கோயில்ல. இதுக்கும் வரலன்னா இனிமே உன்ன நான் எதுக்கும் கூப்பிட மாட்டேன். கோவமெல்லாம் இல்ல. எனக்கு சொல்லி சொல்லி சலிச்சுப்போச்சு."

அந்தப் பதிவு இருபத்தொரு விநாடி. கோபமாக இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் சுலபமாக இருந்திருக்கும்.

4

என் மகள் இனியாவுக்குப் பதினாறு வயது. இங்கே பிறந்தவள். உடன் வருகிறாயா என்று கேட்டேன். பரீட்சை இருக்கிறது என்றாள். அது உண்மைதான். அவளுடைய அம்மாவுக்கும் அந்த வாரம் விடுப்பு இல்லை.

"அப்பா, ஒரு காதுகுத்துக்கு நீங்க எதுக்கு அவ்வளவு தூரம் போறீங்க? இங்க மருந்துக் கடையிலேயே பத்து நிமிஷத்துல குத்துறாங்க" என்று ஆங்கிலத்தில் கேட்டாள். அவளுக்கு அப்படித்தான் குத்தியது. யார் மடியிலும் உட்காரவில்லை. சுழலும் நாற்காலி.

தாய்மாமன் என்றால் என்ன என்று விளக்கினேன். கவனமாகக் கேட்டாள். "அப்ப எனக்கு யாரு?" என்றாள். உன் அம்மாவுக்கு உடன்பிறந்தவர் இல்லை என்றேன். "ஓகே" என்று காதில் பாட்டை மாட்டிக்கொண்டாள். அவள் வருத்தப்படவில்லை. நான் வருத்தப்பட்டேனா என்று அப்போது யோசித்துப் பார்த்தேன். அந்த இடத்தில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

எங்கள் வீடு விமானப் பாதைக்குக் கீழே இருக்கிறது. சமையலறையில் நின்றால் இறங்கும் விமானத்தின் சக்கரங்கள் தெரியும். முதல் வருடம் ஒவ்வொன்றையும் அண்ணாந்து பார்ப்பேன். இப்போது பேச்சை நிறுத்தி, சத்தம் கடந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்வோம். மூன்று பேருக்கும் பழகிவிட்டது.

5

வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்கு வீட்டு கேட்டைச் சாத்தினேன். விமான நிலையம் பதினான்கு நிமிடம். வெள்ளி இரவே பெங்களூரு, சனிக்கிழமை முழுதும் ஓசூரில் ஓய்வு, ஞாயிறு காலை கோயில். ஒரு முழு நாளைக் கையிருப்பாக வைத்திருந்தேன். அப்பாவிடம் சொன்னபோது, "பரவால்ல, புத்தியோடதான் போட்டிருக்க" என்றார். அவர் வாயிலிருந்து அது பெரிய சொல்.

ஆக்லாந்தில் பனிமூட்டம். ஓடுபாதையின் அடுத்த முனை தெரியவில்லை. நான்கு மணி நேரம் கழித்துத்தான் கிளம்பினோம். அதற்குள் சிங்கப்பூரில் ஏற வேண்டிய விமானம் தப்பியாயிற்று. அடுத்தடுத்த விமானங்களில் இடமில்லை. கடைசியில் ஞாயிறு காலை ஐந்து நாற்பதுக்குப் பெங்களூரில் இறங்கும் ஒன்றில் இடம் கொடுத்தார்கள். என் கையிருப்பு நாள் அப்படியே போயிற்று.

அந்த இடமும் கைநழுவப் பார்த்தது. ஒலிபெருக்கியில் கோவிந்தசாமி, கோவிந்தசாமி என்று மூன்று முறை அழைத்திருக்கிறார்கள். நான் எதிரே உட்கார்ந்து செடி வைத்த தொட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பக்கத்தில் இருந்த ஒரு சீக்கியப் பெரியவர் என் மடியில் விரிந்து கிடந்த பாஸ்போர்ட்டைப் பார்த்துத் தோளைத் தட்டினார்.

சிங்கப்பூரில் ஒரு நாளுக்கு மேல் இருந்தேன். அதில் எழுத ஒன்றுமில்லை. தரைவிரிப்பில் ஒரே வடிவம் திரும்பத் திரும்ப வந்துகொண்டிருந்தது. கைப்பைக்குள் சிறிய டப்பாவில் ஒரு ஜோடித் தோடு. நடுவில் பச்சைக் கல். இரண்டு முறை திறந்து பார்த்தேன்.

6

விமான நிலையத்தை விட்டு வண்டி கிளம்பியபோது மணி ஏழு ஐந்து. அப்பா ஓசூரிலிருந்து அனுப்பிய கார். ஓட்டுநர் முனிராஜ், ஐம்பதைத் தாண்டியவர். என்னிடம் தமிழ், வீட்டுக்குப் போனில் தெலுங்கு, குறுக்கே வந்த ஆட்டோக்காரரிடம் கன்னடம். மூன்றிலும் ஒரே வேகம்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு இது தெரியும், மற்றவர்களுக்காகச் சொல்கிறேன்: பெங்களூரு விமான நிலையம் நகரத்தின் வடக்கு மூலையில் இருக்கிறது, ஓசூர் தெற்கே. இறங்கியவுடன் ஊருக்கு வந்துவிட்டதாக நினைப்பது தப்பு. ஒரு பெருநகரத்தை முழுதாக ஊடுருவி, அத்திப்பள்ளி தாண்டி, மாநில எல்லையில் ஜூஜுவாடிக்கு வந்தால்தான் தமிழ்நாடு. அங்கிருந்து ஓசூர், கிருஷ்ணகிரி, பர்கூர். மொத்தம் நூற்றைம்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு.

எலக்ட்ரானிக் சிட்டி தாண்டியதும் வண்டி நின்றது. முன்னால் எங்கோ கிரானைட் கல் ஏற்றிய டிரெய்லர் ஒன்று குறுக்கே சாய்ந்து கிடந்ததாம். ஒன்பது பத்துக்கு முனிராஜின் போன் அடித்தது. மாப்பிள்ளை மாதேஷ். ஸ்பீக்கரில் போட்டார்.

"முனிராஜண்ணா, எங்க இருக்கீங்க?"

"ஜூஜுவாடி வந்துட்டோம் சார்."

நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். எதிரே கன்னடத்தில் எழுதிய பெயர்ப் பலகை. பக்கத்தில் பால் வேன். எஞ்சினை அணைத்துவிட்டு ஓட்டுநர்கள் சாலையில் இறங்கி நின்றுகொண்டிருந்தார்கள்.

போனைக் கையால் மூடிக்கொண்டு முனிராஜ் சொன்னார்: "சார், நீங்களும் அதயே சொல்லுங்க."

"நாம இன்னும் அத்திப்பள்ளியே வரலீங்களே."

"அது எல்லாருக்கும் தெரியும் சார். வீட்டுல இருந்து கெளம்பாதவனும் ஜூஜுவாடின்னுதான் சொல்வான். கேக்கறவனும் நம்ப மாட்டான். ஆனா வெயிட் பண்ணுவான்."

நான் போனை வாங்கினேன். இரண்டு நாள் தூங்காத தலையில் ஒரே ஒரு பகுதி மட்டும் வேலை செய்துகொண்டிருந்தது, அது டைம் ஆபீஸ்.

"மாப்ள, ஜூஜுவாடி இல்ல. எலக்ட்ரானிக் சிட்டி தாண்டி நிக்கறோம். பத்து மணிக்கு முன்னாடி எல்லையத் தாண்ட முடியாது. அங்கேர்ந்து ஒண்ணே முக்கால் மணி நேரம். பதினொண்ணே முக்காலுக்கு வந்துடுவேன்."

 அந்தப் பக்கம் பின்னால் மேளம் கேட்டது.

"பதினொண்ணே முக்காலா? அவ்ளோ கரெக்டா சொல்றீங்க மச்சான்."

"ஆமா மாப்ள. அஞ்சு நிமிஷம் முன்ன பின்ன ஆவலாம்."

"சரிங்க மச்சான்" என்று வைத்துவிட்டார்.

முனிராஜ் என்னை ஒரு முறை திரும்பிப் பார்த்தார். "படிச்சவங்க சார் நீங்க" என்றார். 

ஜூஜுவாடியைக் கடந்தபோது மணி பத்து ஐந்து. நோட்டில் குறித்தேன். கிருஷ்ணகிரி நெருங்கியதும் மாங்காய் லோடு லாரிகள் மாங்கூழ் கம்பெனிகளின் வாசலில் வரிசையாக நின்றன. புளிப்பு வாடை. ஏ.சி.யை நிறுத்திவிட்டு ஜன்னலை இறக்கியபோது முகத்தில் வெயில் அடித்தது. சுட்டது என்று தெரிந்தது. அவ்வளவுதான்.

7

கோயில் வாசலில் வண்டி நின்றபோது பதினொன்று நாற்பத்தைந்து. நான் சொன்ன நேரம்.

சாமியானாவுக்குக் கீழே பாதிப் பேர் சாப்பிட்டு முடித்திருந்தார்கள். அம்மா ஓடிவந்து என் கையைப் பிடித்துக்கொண்டு, "கண்ணு, எளச்சிட்டியே" என்றாள். நான் போன முறையைவிட ஆறு கிலோ கூடியிருக்கிறேன்.

வேப்பமரத்தடியில் தர்ஷினி உட்கார்ந்திருந்தாள். மொட்டைத் தலையில் சந்தனம். பட்டுப் பாவாடை. வலது காதில் ஒரு தோடு, சிவப்புக் கல் வைத்தது. அதை அடையாளம் தெரிந்தது. கவிதாவுக்கு ஒரு வயதில் காது குத்தியபோது எங்கள் மாமா போட்டது. இடது காது வெறுமையாக இருந்தது.

கவிதா என் முன்னால் வந்து நின்றாள்.

"பத்தரைக்குள்ள குத்தணும்னு அவங்க வீட்டுல ஒத்தக் கால்ல நின்னாங்கண்ணா. ஆசாரிக்கு வேற மதியம் கிருஷ்ணகிரில இன்னொரு எடம். நீ மணியச் சொல்லிட்ட. நான் என்ன பேசறது? நீ ஜூஜுவாடின்னு சொல்லியிருந்தா போதும். இதோ வந்துட்டாரு, இதோ வந்துட்டாருன்னு பன்னண்டு வரைக்கும் இழுத்திருப்பேன். எமகண்டம் பன்னண்டுக்குத்தான்."

"பொய் சொல்லச் சொல்றியா?"

"அது பொய்யாண்ணா? அது வர்றோம்னு அர்த்தம்."

 அவளே தொடர்ந்தாள்.

"அப்புறம் நான் சொல்லிட்டேன். ஒரு காது உங்க முகூர்த்தத்துக்கு. இன்னொரு காது எங்கண்ணனுக்கு. என் மாமியாருக்குக் கோவம். அப்பிடி எங்கியும் வழக்கமில்லன்னாங்க. இருந்துட்டுப் போவட்டும்."

முதல் காது குமரேசன் அண்ணன் மடியில் ஆகியிருந்தது. அவர் தலைப்பாகையோடு நின்றுகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் அதைக் கழற்றி என் தலையில் வைத்தார். அவர் வியர்வையில் ஈரமாக இருந்தது.

"வாடா ஃபாரின். ஒரு கண்ணாடி மட்டும் வெச்ச பைக் மாதிரி பொண்ண உக்கார வெச்சிருக்குது உன் தங்கச்சி. சீக்கிரம் அடுத்தத மாட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். தர்ஷினி சிரிக்கவில்லை. நான் அருகில் போய்க் குனிந்தேன். ஏழு வருடங்களில் அவளை நேரில் பார்ப்பது இரண்டாவது முறை. போனில் என்னிடம் அவ்வளவு பேசுகிறவள் இப்போது அம்மாவின் சேலையைப் பிடித்துக்கொண்டாள்.

"வேணாம் மாமா. ஒண்ணு போதும்."

ஒரே மூச்சில் இரண்டும் முடிந்திருந்தால் அவளுக்குத் தெரிந்திருக்காது. இப்போது வலி எப்படி இருக்கும் என்று தெரியும். தெரிந்துகொண்டு அவள் ஒன்றே முக்கால் மணி நேரத்துக்கு ஐந்து நிமிடம் குறைவாகக் காத்திருக்கிறாள், எனக்காக. ஆசாரி பையை மூடி மூடித் திறந்துகொண்டிருந்தார்.

"மாமா எவ்ளோ தூரத்துலேர்ந்து வந்திருக்குது, உக்காரு கண்ணு" என்றாள் அம்மா.

"நானா வரச் சொன்னேன்?"

 கவிதா முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அங்கே அந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான்தான். என்னிடம் தூரமும் நேரமும் மட்டுமே இருந்தன.

தர்ஷினியே கேட்டாள். "எத்தன செகண்டு?"

"மூணு" என்றேன்.

"நெஜமாவா?"

"மூணே மூணு."

எனக்குத் தெரியாது. நான் யாருக்கும் காது குத்திப் பார்த்ததில்லை. முதல் காதுக்கு எத்தனை விநாடி ஆனது என்று கேட்டுக்கொள்ளவும் இல்லை.

சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். அவள் வந்து மடியில் உட்கார்ந்தாள். ஏழு வயதுப் பெண். கால்கள் என் மடிக்கு வெளியே வெகுதூரம் நீண்டு பாயைத் தொட்டன. மடியில் வைத்துக் குத்துவதற்கான வயது எப்போதோ தாண்டிவிட்டது. இரண்டு நாட்களாக நாற்காலியிலேயே மடங்கிக் கிடந்த கால்கள் தொடையிலிருந்து மரத்துப் போயிருந்தன. அவள் உட்கார்ந்திருப்பதைக் கண்ணால் பார்த்தேன். கனம் தெரியவில்லை. ஆசாரி காதைப் பிடித்தபோது அவள் என் கட்டைவிரலை இறுக்கினாள், அதுதான் தெரிந்தது. வாய்விட்டு எண்ணினாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. அதற்குப் பிறகும் எண்ணினாள். ஏழு வரை போனாள்.

பச்சைக் கல் தோடு ஏறியது. மேளம் அடித்தார்கள். அழுதுகொண்டே திரும்பி என்னைப் பார்த்தாள்.

"பொய் சொல்லிட்டீங்க மாமா."

"ஆமா" என்றேன்.

எழுந்திருக்க முடியவில்லை. குமரேசன் அண்ணன் கக்கத்தில் கை கொடுத்துத் தூக்கினார். அப்பா இவ்வளவு நேரமும் ஒரு நாற்காலியில் உட்கார்ந்து காதுகுத்து அழைப்புப் பத்திரிகையின் பின்பக்கத்தில் ஏதோ எழுதிக்கொண்டிருந்தார். என் பக்கத்தில் வந்ததும் காட்டினார். 'முதல் காது 10.05. மகன் வந்தது 11.45. இரண்டாவது காது 11.58.' எமகண்டத்துக்கு இரண்டு நிமிடம் முன்னால்.

"அரை நாள்தான்டா உனக்கு" என்றார்.

"அப்ப எனக்கு மீதி அர நாளு ஓ.டி. போட்டுடு சித்தப்பா" என்றார் குமரேசன் அண்ணன்.

அப்பா சிரிக்காமல் அதையும் எழுதிக்கொண்டார்.

ஆக்லாந்து கேட்டிலிருந்து கோயில் வாசல் வரை ஐம்பத்தேழே கால் மணி நேரம். அதில் ஆகாயத்தில் இருந்தது பதினைந்து மணி நேரமும் சில நிமிடங்களும். என் நோட்டில் பத்து ஐந்துக்கு நேராக ஜூஜுவாடி என்று இருந்தது. அப்பாவின் காகிதத்தில் அதே பத்து ஐந்துக்கு முதல் காது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். முனிராஜ் சொன்னது ஐம்பத்தைந்து நிமிடம் கழித்து உண்மையாகியிருக்கிறது.

8

ஐந்தாம் நாள் திரும்பிவிட்டேன். காது ஆறும்வரை தோட்டைக் கழற்றக் கூடாது என்பதால் மூன்று மாதம் அவள் ஒரு பக்கம் சிவப்பும் ஒரு பக்கம் பச்சையுமாகப் பள்ளிக்கூடம் போனாள். சிவப்புக் காது சீக்கிரம் ஆறிவிட்டது. பச்சைக் காது சீழ் வைத்து நாளாயிற்று. கவிதா போனில், "ஆக்லாந்து காதுக்கு மருந்து போட்டாச்சு" என்பாள். அவர்கள் வீட்டில் அதற்கு அதுவே பெயராகிவிட்டது. கேட்டால் எல்லோரும் சிரிப்பார்கள், நானும் சிரிப்பேன். போன் வைத்தபின் சமையலறைக்குப் போய்ப் பாத்திரம் கழுவுவேன்.

கவிதா சொன்னபடி என்னை எதற்கும் கூப்பிடாமல் இல்லை. கூப்பிடுகிறாள். ஆனால் இப்போது தேதி குறித்த பிறகுதான் சொல்கிறாள்.

இந்த ஞாயிற்றுக்கிழமை அவளிடமிருந்து ஒரு புகைப்படம் வந்தது. வீட்டுப்பாட நோட்டு. பெயர்க் கட்டத்தில் என் பெயர், அப்பா பெயர் இல்லாமல். ஊர்: ஆக்லாந்து. தூரம்: 11,500 கி.மீ. பயண நேரம்: 1 மணி 40 நிமிடம். கடைசிக் கட்டத்தைச் சுற்றி ஆசிரியை சிவப்பு மையால் வட்டம் போட்டு, திருத்தி வரவும் என்று எழுதியிருந்தார்.

நான் பார்த்து முடிப்பதற்குள் தர்ஷினியே அழைத்தாள்.

"மாமா, மிஸ்ஸு தப்புன்னாங்க. அவ்ளோ தூரத்துக்கு அவ்ளோ கம்மியா வராதாம். தாத்தா பேப்பருலேர்ந்துதான் பாத்து எழுதினேன். பத்து அஞ்சுலேர்ந்து பதினொண்ணு நாப்பத்தஞ்சு. கழிச்சுப் பாத்தாச்சு. சரியாத்தான் வருது."

"கணக்கு சரிதான்."

"அப்ப எது தப்பு?"

நோட்டு மேசைமேல்தான் இருந்தது. ஐம்பத்தேழு பதினைந்து. பதினைந்து பத்து. இருபத்து மூன்று ஐம்பது. எந்த எண்ணைச் சொன்னாலும் ஆசிரியை சரி போட்டுவிடுவார். மேலே ஒரு விமானம் இறங்கியது. சத்தம் போகும்வரை பேசாமல் இருந்தேன்.

"நீ எழுதினது இருக்கட்டும். மிஸ் கேட்டா, அது ஜூஜுவாடியிலேர்ந்துன்னு சொல்லு."

"ஜூஜுவாடியிலேர்ந்து ஃப்ளைட்டே இல்லியே மாமா."

"இல்ல."

 பிறகு போனை மேசைமேல் வைக்கிற சத்தம். அடுத்து, காகிதத்தில் ரப்பர் தேய்க்கிற சத்தம். நன்றாக அழுத்தித் தேய்த்தாள். தூசியை ஊதினாள். பென்சில் ஓடியது, இரண்டு எண்களுக்குரிய நேரம் இருக்கும்.

தூரத்தைத் திருத்தினாளா, நேரத்தையா என்று நான் கேட்கவில்லை.  "சரி மாமா, வெச்சிடறேன்" என்றாள். ஓசூர்க் கடிகாரத்தில் அப்போது எட்டு ஐந்து.